சிவாஜி செய்தது ஓவர் அக்டிங்கா?

சிவாஜி கணேசனின் பழைய வசனக் காட்சிகளைத் துண்டு துண்டாக வெட்டி, கீழே சிரிப்பு முகங்களைப் போட்டுப் பகிர்வது இப்போது நம் பிள்ளைகளுக்கு ஒரு பொழுதுபோக்கு. "சேர், இது சரியான ஓவர் அக்டிங்" என்று வகுப்பிலும் சொல்கிறார்கள். சிரித்துவிட்டுப் போய்விடலாம்தான். ஆனால் நாடகமும் அரங்கியலும் பாடம் எடுக்கும் பிள்ளையே அப்படிச் சொல்லும்போது, கொஞ்சம் வரலாற்றைப் பேச வேண்டியிருக்கிறது.

ஒலிவாங்கி இல்லாத காலத்து நாடகக் கொட்டகையை நினைத்துப் பாருங்கள். கடைசியில் இருப்பவனும் காசு கொடுத்து வந்தவன்தான். அவனுக்கு நடிகனின் கண் தெரியாது. ஆகவே கை பேச வேண்டும், தோள் அழ வேண்டும், குரல் பின்சுவர் வரை போக வேண்டும். தமிழ்நாட்டின் பாய்ஸ் கம்பனிகளில் சிறுவர்கள் வருடக்கணக்கில் பழகியது இதைத்தான். சிவாஜியும் சிறுவயதிலேயே நாடகக் குழுவில் சேர்ந்து வளர்ந்தவர். 1952இல் 'பராசக்தி'யில் கமராவுக்கு முன்னால் வந்தபோது அந்தக் குரலையும் உடலையும் கூடவே கொண்டுவந்தார். 'வீரபாண்டிய கட்டபொம்மன்' முதலில் மேடை நாடகம், பிறகுதான் 1959இல் படம். அந்த நடிப்புக்கு 1960இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆபிரிக்கப் படவிழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. தமிழ் வழங்காத ஊரில் கிடைத்த பரிசு அது.

நம் நாட்டில் இன்னொரு காரணமும் உண்டு. இலங்கை வானொலியில் 'ஒலிச்சித்திரம்' கேட்டு வளர்ந்த தலைமுறை நம் வாப்பாமாருடையது. படத்தைப் பார்க்காமலே காதால் கேட்டு அழுதவர்கள் அவர்கள். முகமே தெரியாத இடத்தில் எல்லாப் பாரத்தையும் குரல்தான் சுமக்க வேண்டும்.

வட இந்தியாவிலும் இதே கதைதான். அங்கே பார்சி நாடகக் குழுக்கள் ஊர் ஊராகப் போயின. 1931இல் வந்த இந்தியாவின் முதல் பேசும்படம் 'ஆலம் ஆரா' கூட ஒரு பார்சி நாடகம்தான். ஸ்டூடியோவுக்குப் பக்கத்தில் ரயில் பாதை இருந்ததால் பெரும்பாலும் இரவில்தான் படம்பிடித்தார்கள். ஒலிவாங்கியை எங்காவது மறைத்துவைப்பார்கள், நடிகர்கள் அதன் பக்கமாக நின்று பேசுவார்கள். அந்தப் படத்தில் நடித்தவர்களில் ஒருவர் பிருத்விராஜ் கபூர். 1944இல் அவர் பிருத்வி தியேட்டர்ஸ் என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். அதே வருடம் யூசுப் கான் என்ற இளைஞர் முதல் படத்தில் நடித்தார். திலீப் குமார் என்றால் நம் வீட்டு மூத்தவர்களுக்கு உடனே விளங்கும். அவர் மேடையிலிருந்து வந்தவர் அல்லர். பேச வேண்டிய இடத்தில் சற்று நிறுத்துவார், குரலைத் தாழ்த்துவார், சில வேளை முகத்தையே திருப்பிக்கொள்வார்.

இருவரையும் ஒரே படத்தில் பார்க்க வேண்டுமானால் 'முகலே ஆஸம்' இருக்கிறது. 1960இல் வெளிவந்தது. (1961இல் 'அக்பர்' என்ற பெயரில் தமிழிலும் விட்டார்கள், ஓடவில்லை.) அக்பராக பிருத்விராஜ், சலீமாக திலீப் குமார். வாப்பா தர்பார் முழுக்கக் கேட்கப் பேசுகிறார். மகன் எதிரில் நிற்பவருக்கு மட்டும் கேட்கப் பேசுகிறார். வாப்பாவுடையது ஓவர், மகனுடையது இயல்பு என்று பிரித்துவிடுவது இலேசு. எமக்கு அப்படித் தோன்றவில்லை. அக்பர் வீட்டுக்குள்ளும் பாதுஷாவாகவே இருக்கிறார், மகனிடம் பேசும்போதுகூட ஒரு சாம்ராஜ்யத்துக்குக் கேட்கத்தான் பேசுகிறார். அவரால் குரலைத் தாழ்த்த முடியாததுதான் அந்தக் குடும்பத்தின் துயரம். இரண்டு பேரும் ஒரே பாணியில் நடித்திருந்தால் அது தெரிந்திருக்காது.

அந்தப் பார்சி நாடகம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொழும்புக்கும் வந்தது. சிங்கள 'நூர்த்தி' அதைப் பார்த்துப் பிறந்ததுதான். மருதானையில் 1911இல் திறக்கப்பட்ட டவர் மண்டபம் அதற்குப் பெயர்போன இடம். 1947இல் வந்த முதல் சிங்களப் பேசும்படம் 'கடவுனு பொரொந்துவ', மினர்வா குழுவின் மேடை நாடகம். தென்னிந்திய ஸ்டூடியோவில்தான் அதை எடுத்தார்கள். கதையோடு மேடைப் பேச்சும் படத்துக்குள் வந்துவிட்டது. 1956இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 'ரேகாவ' படத்துக்காக கமராவை ஸ்டூடியோவிலிருந்து வெளியே எடுத்து ஒரு கிராமத்துக்குக் கொண்டுபோனார். அதன் மையத்தில் இருப்பவர்கள் பிள்ளைகள். வரைந்த திரைக்குப் பதிலாக உண்மையான வயலும் வெயிலும் இருந்தால் கத்திப் பேசத் தேவையில்லை. அடுத்த வருடம் கான் விழாவில் அந்தப் படத்தைத் திரையிட்டார்கள். உள்ளூரில் ஓடவில்லை. மேடைக் குரலுக்குப் பழகிய காதுக்கு அந்த அமைதி சப்பென்று இருந்திருக்கலாம்.

சிவாஜியின் எல்லாப் படங்களுக்கும் நாம் வக்காலத்து வாங்க வரவில்லை. கமரா முகத்துக்கு ஒரு முழம் தூரத்தில் நிற்கும்போதும் கொட்டகைக்குப் பேசுவதுபோல் பேசிய படங்கள், முக்கியமாக எழுபதுகளில், நிறைய உண்டு. ஆனால் அதே மனிதர் 1985இல் 'முதல் மரியாதை'யில் எவ்வளவு குறைவாகச் செய்தார் என்று பார்க்க வேண்டும். அவருக்குத் தெரியாமல் இல்லை.

இப்போதைய இந்தியத் தொடர்களில் நடிகை சும்மா நிற்கிறார். கமரா மூன்று தரம் முகத்துக்குப் பாய்கிறது, பின்னால் இடி முழங்குகிறது. உம்மா குசினியில் இருந்தாலும் ஏதோ நடந்துவிட்டது என்று தெரிய வேண்டுமாம்! இந்த ஓவரைக் கேலி செய்து யாரும் வீடியோ போடுவதாகத் தெரியவில்லை.

இதையெல்லாம் எழுதக் காரணம் தமிழ்மொழித்தின நாடகம். கைத்தொலைபேசியில் நடிப்பைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் மேடையில் கிசுகிசுக்கிறார்கள். மூன்றாவது வரிசையோடு குரல் முடிந்துவிடுகிறது. மேலே தொங்கும் ஒற்றை ஒலிவாங்கிக்குக் கீழே எல்லோரும் வந்து கூடுகிறார்கள், 1931 போலவே. ராஜாவும் அங்கேதான், காவலாளியும் அங்கேதான். மண்டபம் முழுக்கக் கேட்கப் பேசத் தெரிந்த ஒரு பிள்ளை இருந்தான். "ஓவர் அக்டிங்" என்று கூட்டாளிமார் இரண்டு நாள் சிரித்தார்கள். மூன்றாம் நாள் அவன் ஒத்திகைக்கு வரவில்லை. தலைவலி என்றான்.

அவனுடைய வாப்பாவிடம் பேசியிருக்கிறோம், திங்கட்கிழமை வருவான். இனி ஒத்திகையில் தரம் 6 பிள்ளைகள் இரண்டு பேரைக் கடைசி வரிசையில் இருத்தப் போகிறோம். கேட்காவிட்டால் அவர்கள் கை தூக்க வேண்டும், வசனத்தைத் திரும்பச் சொல்ல வேண்டும். பெற்றோர் விரும்பினால் வாருங்கள். முன்கதிரை வேண்டாம், பின்னால் இருங்கள்.