அடுக்களை ஹாஸ்யம்

வேஷமும் இல்லாமல், கதையும் இல்லாமல், துணைக்கு ஒரு பாத்திரமும் இல்லாமல், ஒரு மனிதர் தன்னந்தனியே மேடையில் நின்று வெறும் பேச்சினாலேயே சபையைச் சிரிக்கவைக்கும் ஸ்டாண்ட்-அப் காமெடி என்ற கலை அமெரிக்காவில் ஒரு ஜீவனோபாயமாக வேரூன்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வோட்வில் எனப்பட்ட பல்சுவை அரங்குகளில், ஒரு நடனம் முடிந்து அடுத்த வித்தைக்கு மேடை தயாராகும் வரை திரைக்கு முன்னால் வந்து நின்று பேசிய விகடர்களே அதன் முன்னோர்கள். பேசும் படம் வந்து அந்த அரங்குகளை ஒவ்வொன்றாக விழுங்கி, 1932-இல் நியூயார்க்கின் புகழ்பெற்ற பாலஸ் தியேட்டரும் சினிமாக் கொட்டகையாகிவிட்ட பிறகு, விகடர்கள் வானொலியிலும், காட்ஸ்கில் மலையின் கோடை விடுதிகளிலும், நகரங்களின் இரவு விடுதிகளிலும் பிழைப்பைத் தேடிக்கொண்டார்கள். அவர்களுள் பெரும்பாலோர் சிறு பிராயத்திலேயே மேடையேறி, அடிபட்டுத் தேர்ந்தவர்கள். பெண்கள் மிகச் சிலரே. கறுப்பின மக்களின் அரங்குகளில் பல்லில்லாக் கிழவி வேஷத்தில் கோலோச்சிய மாம்ஸ் மேப்லியும், நாகரிக உடையில் வந்து நயமாகப் பேசிய ஜீன் கரோலும் அவர்களுள் முக்கியமானவர்கள்.

இந்தத் தொழிலின் போக்கு மாறிய இடம் சான் பிரான்சிஸ்கோ நகரின் நார்த் பீச் பகுதி. இத்தாலியக் குடும்பங்களும் கவிஞர்களும் கலந்து வாழ்ந்த அந்தப் பேட்டையில், ஹங்ரி ஐ என்ற சிறிய விடுதியின் செங்கற் சுவருக்கு முன்னால், 1953-ஆம் ஆண்டின் இறுதியில் மார்ட் சால் என்ற இளைஞர், கோட்டும் டையும் இன்றி ஸ்வெட்டர் அணிந்து, கையில் செய்தித்தாளுடன் நின்று, அன்றைய அரசியலைத் தம் சொந்தக் குரலில் பேசலானார். ஊரார் ஹாஸ்யத்தை மனப்பாடம் செய்து ஒப்பிப்பது பழைய மரபு. தான் படித்ததையும் பார்த்ததையும் தானே பேசுவது புதிய வழி. இந்த மாறுதல்தான், வாழ்க்கையில் பாதியைக் கடந்து, பேசுவதற்கு நிறையச் சேர்த்துவைத்திருந்தவர்களுக்கும் மேடையில் ஓர் இடம் உண்டாக்கியது என்று நான் கருதுகிறேன்.

அப்படி இடம் பெற்றவர்களுள் ஒருவர் ஃபிலிஸ் டில்லர். ஒஹாயோ மாநிலத்தின் லைமா நகரில் 1917-இல் பிறந்த அவர், இளமையில் சிகாகோவில் பியானோ பயின்றவர். 1939-இல் மணம் புரிந்து, கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்து, ஐந்து குழந்தைகளை வளர்த்துக்கொண்டு, கணவரின் வருமானம் போதாமையால் வானொலி நிலையத்தில் விளம்பர வாசகம் எழுதிச் சம்பாதித்தவர். அண்டை வீட்டுப் பெண்களையும் அலுவலகத்தாரையும் அவர் பேச்சு சிரிக்கவைப்பதைக் கண்ட கணவரே, இதைத் தொழிலாக்கிக்கொள் என்று ஓயாமல் வற்புறுத்தினார். தன்னம்பிக்கை பற்றிக் கிளாட் பிரிஸ்டல் எழுதிய நூலொன்று தமக்குத் துணிவு தந்ததாக டில்லர் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். சான் பிரான்சிஸ்கோவின் கொலம்பஸ் அவென்யூவில் பர்ப்பிள் ஆனியன் என்றொரு நிலவறை விடுதி இருந்தது. 1955-ஆம் ஆண்டு மார்ச் 7-ஆம் தேதி அவர் அங்கே மேடையேறினார். அப்போது அவருக்கு வயது 37.

தொடக்கத்தில் அவருடைய நிகழ்ச்சி கதம்பமாக இருந்தது. பியானோ வாசிப்பும், பிரபல பாடகிகளைப் பகடி செய்யும் பாட்டும், கையில் வேடிக்கைப் பொருள்களுமாக ஆரம்பித்தவர், இரவுக்கு இரவு சபையின் சிரிப்பையும் மௌனத்தையும் கவனித்து, தேவையற்றதைக் கழித்து, கடைசியில் வெறும் பேச்சுக்கே வந்து சேர்ந்தார். இரண்டு வாரத்துக்கென்று அமர்த்தப்பட்டவர் 89 வாரங்கள் அங்கேயே நிலைத்தார் என்றால், அந்த நிலவறை அவருக்கு எத்தகைய குருகுலமாக விளங்கியிருக்கும்! பேச்சின் பொருளோ அவர் வீட்டிலேயே கிடந்தது. கருகிய சமையல், தீராத இஸ்திரித் துணி, அடங்காத பிள்ளைகள், ஃபாங் என்று பெயரிட்டு அவர் படைத்த கற்பனைக் கணவன், மாமியார் எல்லாம் சபைக்கு வந்தன. பத்திரிகைகளும் விளம்பரங்களும் புன்னகை பூத்த இல்லத்தரசியைத் தெய்வமாக்கி வணங்கிய அந்த நாளில், வீட்டு வேலை தமக்கு வரவும் வராது, பிடிக்கவும் பிடிக்காது என்று ஒரு தாய் மேடையேறி உரக்கச் சொன்னது சாதாரண விஷயமன்று. இருபது வயதுப் பெண் அதைச் சொல்லியிருந்தால் துடுக்கு என்றிருப்பார்கள். ஐந்து பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவள் சொன்னதால் அதில் அனுபவத்தின் அதிகாரம் இருந்தது. சிலிர்த்து நிற்கும் தலைமயிர், கையுறை, குட்டைப் பூட்ஸ், சிகரெட் பிடிக்காதவரின் கையில் நீண்ட மரச் சிகரெட் குழல், நல்ல உடலமைப்பை மறைக்கும் தொளதொளத்த அங்கி என அவருடைய கோலமும் அந்தப் பேச்சுக்கேற்ப உருவாயிற்று.

அவருடைய உழைப்பை அறிய விரும்புவோர், அவர் 2003-இல் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்துக்கு வழங்கிய இரும்பு அலமாரியைப் பார்க்கவேண்டும். நாற்பத்தெட்டு இழுப்பறைகள், இடம் போதாமல் பின்னால் சேர்த்த இன்னொரு சிறு பெட்டி. அவற்றினுள் தட்டச்சு செய்த ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு அட்டைகள், விஷய வாரியாக அகர வரிசையில் அடுக்கப்பட்டிருக்கின்றன. அட்டைக்கு ஒரு துணுக்கு. ஒரு சொல் மிகுந்தாலும் சிரிப்பு நழுவிவிடும் என்று சுருக்கிச் சுருக்கி எழுதப்பட்டவை. எல்லாம் அவர் தாமே எழுதியவையல்ல. விஸ்கான்சினில் ஐந்து பிள்ளைகளுக்குத் தாயான ஓர் இல்லத்தரசி உட்பட வெளியார் பலரிடமிருந்தும் விலை கொடுத்து வாங்கியவை உண்டு. மேடைப் பேச்சாளர் ஜோன் ரிவர்ஸும் தம் ஆரம்ப நாட்களில் அவருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். 2002-இல், எண்பத்து நான்காம் வயதில், லாஸ் வேகாஸில் மேடைக்கு விடைகொடுக்கும் வரை டில்லருக்குச் சோறு போட்ட களஞ்சியம் இது. 2017-இல் தொண்டர்கள் பலர் முன்வந்து இணையவழியே அட்டைகளைப் பெயர்த்தெழுதி உதவினார்கள்.

வேறொரு வகையில் நடுவயதில் வந்தவர் ராட்னி டேஞ்சர்ஃபீல்ட். இளமையில் ஜாக் ராய் என்ற பெயரில் விடுதிகளில் பேசி, பிழைக்க வழியின்றி விலகி, வீட்டுச் சுவர்களுக்கு அலுமினியத் தகடு பொருத்தும் வியாபாரத்தில் ஆண்டுக்கணக்கில் காலம் கழித்து, நாற்பது வயதையொட்டி மறுபடியும் மேடைக்குத் திரும்பினார். தனக்கு எங்கும் மரியாதை கிடைப்பதில்லை என்று அங்கலாய்க்கும் பாத்திரம் அவருக்குப் பொருந்தியதற்கு, அந்த இடைக்கால வாழ்க்கையே ஆதாரம் என்பதில் எனக்கு ஐயமில்லை. 1967-இல் தொலைக்காட்சியின் எட் சல்லிவன் நிகழ்ச்சியில் தோன்றிப் புகழ்பெற்ற அவர், 1969-இல் நியூயார்க்கில் தம் பெயராலேயே ஒரு விடுதி திறந்தார். புதியவர்களுக்கு மேடை தருவதில் தாராளமாக இருந்த அவர், தொலைக்காட்சியில் தாம் நடத்திய நிகழ்ச்சிகளில் அறிமுகமில்லாத பேச்சாளர்களை அழைத்துவந்து நிறுத்தினார். அப்படி வந்தவர்களுள் ஒருவர், டென்வரில் மதுக்கூடப் பணிப்பெண்ணாக வேலை பார்த்த ரோசான் பார். மூன்று குழந்தைகளின் தாய். அவர் பேச எடுத்துக்கொண்டதும் கணவன், பிள்ளை, வீட்டு வேலை ஆகியவற்றைத்தான்.