களக்காட்டின் விலை

சங்கரன்கோவிலுக்கு ஆடித் தபசு சமயத்தில் போயிருக்கிறீர்களா? எள் விழ இடமிருக்காது. கோமதியம்மன் தவமிருந்து கேட்ட வரம் கொஞ்சம் விசித்திரமானது. சிவனும் திருமாலும் ஒரே உடம்பில் காட்சி தரவேண்டும். 'உன் சாமி பெரிசா, என் சாமி பெரிசா' என்று சங்கன், பதுமன் என்கிற இரண்டு நாகங்கள் போட்ட சண்டையை வேறு எப்படித்தான் தீர்ப்பது? வந்து நின்றார் சங்கரநாராயணர். பாதி உடம்பு சிவன், பாதி உடம்பு திருமால். சண்டை முடிந்தது.

அதே கோயிலுக்குள் இன்னோர் இடத்தையும் காட்டுவார்கள். நெற்கட்டும்செவல் பாளையக்காரர் பூலித்தேவரை வெள்ளைக்காரப் படை கைது செய்து கூட்டிப்போனதாம். வழியில், சாமி கும்பிட்டுவிட்டு வருகிறேன் என்று கோயிலுக்குள் போனவர் திரும்பி வரவேயில்லையாம். கைவிலங்கு தெறித்தது, ஜோதியில் கலந்தார் என்கிறது கதை.

கதை இருக்கட்டும். தென்னாட்டில் கம்பெனிக்கு எதிராக முதன்முதலில் ஒரு கூட்டணி கட்டிப் பார்த்தவர் அந்தப் பூலித்தேவர். இரண்டு பேர் ஒரே உடம்பாக நிற்பது கோயிலில் நடக்கும். போர்க்களத்தில் நடக்குமா?

கஷ்டம்தான். நாலு பேர் சேர்ந்து யுத்தம் செய்தால் நாலு கேள்விகள் வரும். யார் உத்தரவு போடுவது? யார் செலவு செய்வது? யார் ஊரை முதலில் காப்பாற்றுவது? ஜெயித்தால் யாருக்கு என்ன? முதல் உலகப் போரில் பிரிட்டனும் பிரான்சும் மூன்றரை வருஷம் தனித்தனியாக உத்தரவு போட்டுக்கொண்டிருந்தன. 1918 மார்ச்சில் ஜெர்மனி நெருக்கித் தள்ளிய பிறகுதான், சரி, ஃபோஷ் எல்லாப் படைகளையும் ஒருங்கிணைக்கட்டும் என்று இறங்கி வந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் சுதாரித்துக்கொண்டு, 1942லேயே அமெரிக்க, பிரிட்டிஷ் தளபதிகளுக்கு வாஷிங்டனில் ஒரே கமிட்டி அமைத்துவிட்டார்கள். நம்ம பக்கத்து யுத்தத்தை நடத்த மவுண்ட்பேட்டன் 1944ல் கண்டிக்கே வந்து உட்கார்ந்தார்.

இந்த நாலு கேள்விகளும் சங்கரன்கோவிலுக்கு மேற்கே, ஒரு மண்கோட்டைக்குள் 1755லேயே எழுந்துவிட்டன.

அப்போது மதுரை நாயக்கர் ஆட்சி முடிந்து சுமார் இருபது வருஷம். மதுரையும் திருநெல்வேலியும் எனக்கே சொந்தம் என்றார் ஆற்காட்டு நவாப் முகமது அலி. ஆனால் வரி வசூலிக்க அவரிடம் படை இல்லை. படை வைத்திருந்தது கம்பெனி. அதனிடம் நவாபுக்குக் கழுத்து வரை கடன். ஆக, கடனை அடைக்க வரி, வரியை வசூலிக்கக் கம்பெனிப் படை, அந்தப் படைக்கான செலவும் நவாப் கணக்கில். எதிர்த்தரப்பும் ஒரு கூட்டணிதான்!

1755ல் கர்னல் ஹெரான் கிளம்பினார். 500 வெள்ளைக்காரர்கள், 2,000 சிப்பாய்கள். கூடவே நவாபின் அண்ணன் மாபூஸ்கான், குதிரைப் படையோடு. சிப்பாய்களுக்குத் தலைவன் யூசுப்கான். ராமநாதபுரம் சீமையில் மருதநாயகமாகப் பிறந்தவன்.

ஒரே படையில் இரண்டு எஜமானர்கள். ஹெரான் தன் இஷ்டத்துக்கு, மதுரையையும் திருநெல்வேலியையும் வருஷத்துக்கு 15 லட்சம் ரூபாய் என்று மாபூஸ்கானுக்கே குத்தகைக்கு விட்டார். வழியில் ஒரு கோயிலைக் கொள்ளையடித்து விக்கிரகங்களைத் தூக்கிக்கொண்டு வந்ததில், நத்தம் கணவாயில் கள்ளர்கள் புகுந்து அடித்தார்கள். நெற்கட்டும்செவலுக்கு வந்து, பணம் கட்டு என்று மிரட்டிப் பார்த்தார். பூலித்தேவர் அசையவில்லை. கோட்டைச் சுவரை உடைக்கிற பீரங்கி ஹெரானிடம் இல்லை. திரும்பிப் போனவரை மதராஸில் ராணுவ விசாரணை வைத்து வேலையைவிட்டே அனுப்பினார்கள்.

பூலித்தேவருக்கு ஒன்று புரிந்துவிட்டது. இவர்கள் மறுபடி வருவார்கள், பெரிய பீரங்கியோடு வருவார்கள். தனியாக நின்றால் ஒவ்வொரு பாளையமாக விழும்.

கூட்டணிக்கு ஆள் திரட்ட ஆரம்பித்தார். மேற்குப் பாளையங்களில் வடகரை, கொல்லங்கொண்டான், சேத்தூர் என்று மலையடிவாரத்து மறவர் பாளையங்கள் வந்தன. பிறகு சந்தா சாகிப் காலத்தில் தெற்கே வந்து தங்கிவிட்ட பட்டாணித் தளபதிகள்: மியானா, முடேமியா, நபிகான் கட்டக். குதிரைப் படை இவர்களிடம்தான். மூன்றாவது, மலைக்கு அந்தப் பக்கமிருந்த திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா. குளச்சலில் 1741ல் டச்சுக்காரர்களைத் தோற்கடித்த அதே மார்த்தாண்ட வர்மா.

மறவர், பட்டாணி, மலையாள ராஜா. சாதி வேறு, மதம் வேறு, மொழி வேறு. எப்படி ஒட்டினார்கள்?

இங்கேதான் களக்காடு வருகிறது. மலையடிவாரத்து ஊர். ஆறு, வயல், நல்ல விளைச்சல். அந்தச் சீமையை முன்பு திருவிதாங்கூருக்கு விற்றவரே முடேமியாதான். ஹெரானும் மாபூஸ்கானும் வந்ததும் திருவிதாங்கூர் படை அங்கிருந்து விலகியது. அவர்கள் நகர்ந்ததும், பூலித்தேவரும் முடேமியாவும் துணை நிற்க, திருவிதாங்கூர் அதைத் திரும்பப் பிடித்தது. பூலித்தேவருக்கு வேண்டியது சுதந்திரம். முடேமியாவுக்குப் பழைய அதிகாரம். திருவிதாங்கூருக்குக் களக்காடு. ஒரே யுத்தம், மூன்று கணக்கு.

கிழக்குப் பாளையங்களையும் இழுக்கப் பார்த்தார்கள். எட்டயபுரமும் பஞ்சாலங்குறிச்சியும் மசியவில்லை. பஞ்சாலங்குறிச்சிக்காரர்கள் கப்பத்தில் ஒரு பகுதியைக் கட்டி, மீதிக்குத் தங்கள் ஆட்களையே ஹெரானிடம் பிணையாகக் கொடுத்திருந்தார்கள். ஆம், பின்னாளில் கயத்தாற்றில் தூக்கிலேறிய வீரபாண்டிய கட்டபொம்மனின் அதே பஞ்சாலங்குறிச்சி. வீட்டுப் பிள்ளை எதிரியின் கையில் இருக்கும்போது எங்கே சேர்வது?

1756 மார்ச் 21. திருநெல்வேலிக்குப் பக்கத்தில் இரு தரப்பும் மோதின. மாபூஸ்கானுக்குத் துணையாகக் கிழக்குப் பாளையங்கள். களத்தில் முடேமியா செத்து விழுந்தார். அவ்வளவுதான். கூட்டணிப் படை கலைந்து ஓடியது. ஒரு தலைவன் விழுந்ததும் மொத்தப் படையும் ஏன் கலைய வேண்டும்? அவரவர் ஆட்களுக்கு அவரவர் தலைவன் வாய்ச்சொல்தான் உத்தரவு. பாளையத்து வீரனுக்கு மாதச் சம்பளம் கிடையாது, மானியமாக நிலம். கூப்பிட்டால் வல்லயத்தைத் தூக்கிக்கொண்டு வருவான், உயிரைக் கொடுப்பான். கொடுப்பது தன் பாளையக்காரனுக்கு. பக்கத்துப் பாளையக்காரன் சொன்னால் கேட்க மாட்டான்.

பூலித்தேவர் விடவில்லை. அடுத்த வருஷமே எதிரியின் கூட்டணியில் விரிசல் விட்டது. தம்பி நவாபோடு முறைத்துக்கொண்ட மாபூஸ்கான் மதுரையை வைத்துக்கொண்டு கலகம் செய்தார். அவரை அரவணைத்துக்கொண்டவர் யார்? இரண்டு வருஷமாக அவரோடு மோதிய பூலித்தேவரேதான்! நவாபின் சொந்த அண்ணனே நம் பக்கம் என்றால் அந்த மரியாதையே தனி. திண்டுக்கல் பக்கமிருந்த ஹைதர் அலிக்கும் அழைப்பு போனது. அவர் வந்து மதுரைப் பக்கம் ஒரு சூறை போட்டுவிட்டுத் திரும்பிவிட்டார். அவர் கணக்கு வேறு.

மதுரையைக் கம்பெனி எப்படி மீட்டது தெரியுமா? 1757ல் காலியோ என்கிற தளபதி முற்றுகையிட்டுப் பார்த்தார். மதில் மசியவில்லை. கடைசியில் உள்ளே இருந்த ஜமேதார்களுக்கு 1,70,000 ரூபாய் கொடுத்தார். கதவு திறந்தது.

1758 கடைசியில் பிரெஞ்சுத் தளபதி லாலி மதராஸையே முற்றுகையிட, தெற்கிலிருந்த யூசுப்கானைக் கம்பெனி அவசரமாக அழைத்துக்கொண்டது. தென்சீமைக்குக் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைத்தது. முற்றுகை முறிந்து 1759ல் யூசுப்கான் திரும்பியபோது ஆளே வேறு. மதுரை, திருநெல்வேலி இரண்டுக்கும் வருஷம் 5 லட்சம் ரூபாய் குத்தகை, இப்போது அவன் பெயரில். வரி வசூலிப்பவனும் அவனே, சம்பளம் கொடுப்பவனும் அவனே, சண்டைக்கு உத்தரவு போடுபவனும் அவனே. நாலு கேள்விக்கும் ஒரே பதில்.

அவன் முதலில் குறிவைத்தது கோட்டையை அல்ல. கூட்டணியை.

திருவிதாங்கூரில் மார்த்தாண்ட வர்மா இறந்து, மருமகன் தர்மராஜா பட்டத்துக்கு வந்திருந்தார். எல்லைத் தகராறில் வடகரைப் பாளையத்தோடு பகை. வடகரையோ பூலித்தேவரின் நெருங்கிய கூட்டாளி. இரண்டு நண்பர்கள் அடித்துக்கொண்டால் நடுவில் நிற்பவன் கதி என்ன? யூசுப்கான் ராஜாவைச் சந்தித்தான். பேரம் எளிமையானது. எனக்குப் படை கொடு, களக்காடு உனக்கு.

நவாபின் நிலத்தை நவாபைக் கேட்காமலே தூக்கிக் கொடுத்துவிட்டான். பதிலுக்கு வந்தது 10,000 பேர் கொண்ட திருவிதாங்கூர் படை. வடகரை விழுந்தது. அதன் தலைவர் நெற்கட்டும்செவலுக்கு ஓடி வந்தார். நேற்றுவரை பூலித்தேவருக்குக் காவலாக நின்ற மலை, இன்று எதிரி வரும் வழி.

ஆனாலும் 1759 டிசம்பரில் அந்தப் பெரும்படையால் வாசுதேவநல்லூரைப் பிடிக்க முடியவில்லை. கோட்டை மீது பாய்ந்துகொண்டிருந்த யூசுப்கானின் பாசறை மீது, நெற்கட்டும்செவலிலிருந்து காட்டு வழியாக வந்த பூலித்தேவர் பின்பக்கமிருந்து விழுந்தார். ஒரு கோட்டை முற்றுகையில் இருந்தால் இன்னொரு கோட்டை எதிரியின் முதுகில் அடிக்கும். காகிதத்தில் எழுதாத போர்த் திட்டம், அன்றைக்கு அச்சாகப் பலித்தது. யூசுப்கான் திரும்பிப் போனான்.

ஆனால் அந்தத் திட்டம் நடக்கக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். நாளாக நாளாகப் பூலித்தேவர் பக்கம் தலைகள் குறைந்தன. மாபூஸ்கான் தம்பியோடு சமாதானமாகிக் கிளம்பிவிட்டார். 1760 டிசம்பரில் யூசுப்கான் நெற்கட்டும்செவலுக்கே வந்தான். மாதக்கணக்கில் அடி. 1761 மே 16க்குள் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் மூன்று கோட்டைகளும் அவன் வசம். முதுகில் அடிக்க இப்போது வெளியே யாரும் இல்லை. பூலித்தேவர் கடலாடிப் பக்கம் ஒதுங்கினார்.

கம்பெனிக் கூட்டணி அப்படியென்ன ஒற்றுமையாக இருந்தது என்கிறீர்களா? அதுவும் இல்லை. யூசுப்கான் இவ்வளவு வளர்ந்தது நவாபுக்குப் பிடிக்கவில்லை. அவன் தன் வேலைக்காரன் என்றார் நவாப். இல்லை, தான் தனி என்றான் அவன். கம்பெனி கணக்குப் பார்த்து நவாப் பக்கம் சாய்ந்தது. 1764 அக்டோபர் 13ல் சொந்த ஆட்களே காட்டிக்கொடுக்க, 15ம் தேதி மதுரையில் தூக்கு.

அந்த இடைவெளியில் பூலித்தேவர் திரும்பி வந்து கோட்டைகளைப் பிடித்தார். 1767ல் டொனால்ட் காம்பெல் பீரங்கியோடு வாசுதேவநல்லூருக்கு வந்தார். குண்டு விழுந்து மதில் பிளக்கப் பிளக்க, உள்ளேயிருந்தவர்கள் வைக்கோலையும் பனைமரத்தையும் திணித்து அடைத்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் ஒரு மழை இரவில், கோட்டையை விட்டு வெளியேறிக் காட்டுக்குள் மறைந்தார்கள். அதற்குப் பிறகு பூலித்தேவர் என்ன ஆனார் என்பதற்குச் சங்கரன்கோவில் கதைதான் பதில்.

சரி, கூட்டணியை விட்டுப் போனவர்களுக்கு என்ன கிடைத்தது?

திருவிதாங்கூர் ஆசைப்பட்ட களக்காடு? சில வருஷங்களிலேயே நவாபோடு ஒப்பந்தம் போட்டு, அதன் மீதான உரிமையை விட்டுக்கொடுத்து, கப்பமும் கட்ட வேண்டியதாயிற்று. பஞ்சாலங்குறிச்சி 1799ல் தன் தலைவனையே தூக்குமரத்தில் பறிகொடுத்தது. கட்டபொம்மன் நின்றபோது, மேற்கே தோள் கொடுக்கப் பூலித்தேவர் இல்லை. நவாப் குடும்பம்? 1801ல் கர்நாடகம் முழுவதையும் கம்பெனி எடுத்துக்கொண்டு, கையில் ஓய்வூதியத்தைக் கொடுத்தது. வரிசையாக எல்லோரும் தோற்றார்கள், ஒவ்வொருவராக, தனித்தனியாக. 1755ல் பூலித்தேவர் பயந்தது இதற்குத்தான்.

பீரங்கிதான் ஜெயித்தது என்று சொல்லிவிடலாம், சுலபம். வாசுதேவநல்லூர் மண்மதில் பீரங்கியைத் தாங்கிய நாட்களும் உண்டு. தாங்காமல் போனது வேறு. பொதுவான எதிரி இருந்தான், பொதுவான கஜானா இல்லை. பொதுவான கோபம் இருந்தது, பொதுவான தளபதி இல்லை. எதிரி ஒவ்வொருவரிடமும், உனக்கு என்ன வேண்டும் என்று தனியாகக் கேட்டான். அதற்குப் பதில் சொன்ன நிமிஷத்தில் கூட்டணி முடிந்தது.

அடுத்த ஆடித் தபசுக்குப் போனால், சங்கரநாராயணரைக் கும்பிட்டுவிட்டு, பூலித்தேவர் மறைந்ததாகச் சொல்லும் இடத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். ஒரே உடம்பில் இரண்டு பேரைக் காட்டு என்று அம்மன் கேட்ட வரத்தைத்தான் பூலித்தேவரும் கேட்டார்.

அம்மனுக்குக் கிடைத்தது.