வெளுத்துப் போன கறுப்பு

ஆங்கில நாவல்களில் கதாநாயகி நோயில் விழுந்தாலும் சரி, காதலில் விழுந்தாலும் சரி, அவள் முகத்துக்கென்று ஆசிரியர்கள் வைத்திருக்கும் சொல் ஒன்று உண்டு. 'வான்' என்பது அது. தமிழில் எழுதினால் ஆகாயமாகிவிடுகிறது, என்ன செய்வது! சோகை பிடித்தாற்போல் வெளிறியது என்று பொருள்.

எழுதிப் பிழைக்கிறவனுக்குச் சொற்களின் பூர்வோத்தரத்தைத் துருவும் சபலம் போவதில்லை. இதையும் துருவினேன். பழைய ஆங்கிலத்தில் இதற்கு வெளுப்பு என்ற பொருளே இல்லை. கறுப்பு!

'பேவுல்ஃப்' என்ற காவியம், 3182 அடிகள். கி.பி. 1000-ஐ ஒட்டி எழுதிய ஒரே ஒரு கையெழுத்துப் பிரதிதான் அதற்கு ஆதாரம். அதுவும் 1731-இல் லண்டனில் நேர்ந்த தீ விபத்தில் ஓரம் கருகித் தப்பியது. அந்தக் காவியத்தில், தான் பிணம் தின்ற பெருமையைக் கழுகிடம் அளக்கிற அண்டங்காக்கைக்கு இதே அடைமொழி. மேகங்களுக்கடியில் ஊர்ந்து வரும் இரவு நிழல்களுக்கும் அதுதான். இன்றைய அர்த்தத்தை வைத்துக்கொண்டு படித்தால், சோகை பிடித்த காக்கையல்லவா பறக்கும்?

காக்கையிடமிருந்து கன்னிக்கு இந்தச் சொல் எப்படி வந்தது? அது பளபளக்கும் கறுப்பு அல்ல. ஒளி செத்த கறுப்பு. ஈயத்தின் நிறம், கன்றிய காயத்தின் நிறம். சாகக் கிடக்கும் வெள்ளைக்காரன் முகத்திலும் அந்த ஈயநிறம்தானே படர்கிறது? அங்கே ஒட்டிக்கொண்டது சொல். 1300 வாக்கில், பார்த்தவர்கள் ஈயத்தை மறந்து ரத்தம் வற்றியதை மட்டும் நினைத்திருக்க வேண்டும். நாமும் வாட்டம் கண்ட ஒருவரை 'முகம் வெளுத்துவிட்டது' என்கிறோம், 'முகம் கறுத்துவிட்டது' என்றும் சொல்கிறோம். இரண்டிலும் போனது களைதான்.

பழைய ஆங்கிலத்தில் இந்தக் குழப்பம் புதிதல்ல. வெளிறியதற்கு 'பிளாக்' என்று நெடிலில் ஒரு சொல். கறுத்ததற்குக் குறிலில் இன்னொன்று. பின்னாளில் எழுத்தில் இரண்டும் ஒன்றாகி, சில இடங்களில் வெள்ளையா கறுப்பா என்று பண்டிதர்களே திணறுகிறார்கள்.

ஸ்காட்லாந்து நாட்டுப் பாடல்களில் மட்டும் பழைய பொருள் பிழைத்திருக்கிறது. அங்கே ஆற்று நீர் 'வான்' நிறம். மொழிபெயர்ப்பவர் 'வெளிறிய நீர்' என்று போட்டாரோ, போச்சு! அது இருண்ட நீர். இறங்குகிறவனுக்கு ஆழம் தெரியாது.