பெறுபேற்றின்படி ஊதியம்: ஆர்னோல்ட் கண்ட பிறநாட்டுப் பள்ளிகள்

1859ஆம் ஆண்டின் இளவேனிற் காலத்தில் ஆங்கிலப் பாடசாலைப் பரிசோதகர் ஒருவர் கால்வாயைக் கடந்து பிரான்சு தேசத்துக்குச் சென்றார். கவிஞரென முன்னரே பெயர் பெற்றிருந்த மத்தியூ ஆர்னோல்ட் என்பவரே அவர். றக்பி கலாசாலையின் புகழ்வாய்ந்த தலைமையாசிரியர் தோமஸ் ஆர்னோல்டின் புதல்வர். 1851 முதல் பரிசோதகராய் ஊர்தோறும் அலைந்து, ஏழைச் சிறுவரின் வாசிப்பையும் எழுத்தையும் கேட்டும் பார்த்தும் வந்தவர். பொதுமக்கள் கல்வியை ஆராய 1858இல் நியமிக்கப்பெற்ற நியூகாசில் ஆணைக்குழு, பிரான்சு, ஒல்லாந்து, சுவிற்சலாந்து ஆகிய நாடுகளின் பாடசாலைகளைக் கண்டு வருமாறு அவரைப் பணித்தது. ஆணைக்குழு வேண்டியது வெறும் தகவல். ஆர்னோல்ட் கொண்டுவந்ததோ, மக்கட் கல்விக்கு அரசு எவ்வளவு கடமைப்பட்டுள்ளது என்னும் பெருவினா.

அயல்நாட்டுப் பள்ளிகளைக் கண்டு எழுதுவது அக்காலத்தில் புதுவழக்கம் அன்று. நாடுகளின் கல்வியை ஒரே வினாத்தொடர் கொண்டு ஒப்பிடலாம் எனப் பாரிசு நகரத்து மார்க் அந்துவான் யூலியன் 1817இலேயே ஒரு திட்டம் வெளியிட்டிருந்தார். மெய்யியல் அறிஞர் விக்டர் கூசான் 1831இல் யேர்மனிக்குச் சென்று பிரசிய நாட்டுப் பாடசாலைகளைப் பற்றி எழுதிய அறிக்கை ஐரோப்பாவெங்கும் பேசப்பட்டது. 1833இல் அமைச்சர் கீசோ இயற்றுவித்த சட்டத்தில் அவ்வறிக்கையின் சாயலைக் காணலாம். ஒவ்வோர் ஊராட்சியிலும் ஓர் ஆரம்பப் பாடசாலையும், ஒவ்வொரு மாகாணப் பிரிவிலும் ஆசிரியரைப் பயிற்றும் ஒரு கலாசாலையும் வேண்டுமென அச்சட்டம் விதித்தது. இங்கிலாந்தின் கே-சட்டில்வேர்த்தும் ஒல்லாந்தையும் சுவிற்சலாந்தையும் பார்த்துத் திரும்பியபின்னரே 1840இல் பற்றர்சீ என்னும் இடத்தில் பயிற்சிக் கலாசாலை அமைத்தார். 1846இல் அவர் புகுத்திய மாணவ ஆசிரியர் முறைக்கும் ஒல்லாந்தே வழிகாட்டிற்று. பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் ஐந்தாண்டு ஓர் ஆசிரியரிடம் தொழில் பயில்வான். அவனுக்குரிய உதவிப்பணத்தை அரசாங்கம் கொடுக்கும். ஆங்கில நாட்டுத் தொடக்கக் கல்வியிலே உருப்படியாய் இருந்தது பெரும்பாலும் பிறநாட்டிற் கண்டு நட்ட பயிரே எனல் மிகையாகாது.

அத்திலாந்திக்கின் அப்பாலும் இதே கதை நிகழ்ந்தது. ஆனால் அங்கே பெரும்பூசல் ஒன்றும் உடன் எழுந்தது. மசாச்சுசெட்ஸ் கல்விச் சபையின் செயலாளராயிருந்த ஹொறேஸ் மான், 1839இல் லெக்சிங்ரனில் ஆசிரியர் கலாசாலை ஒன்றைத் திறப்பித்தார். முதல்நாள் வந்த மாணவியர் மூவரே. 1843இல் மணவினை முடிந்த கையோடு மனைவியாருடன் ஐரோப்பாவுக்குச் சென்ற அவர், அங்கும் பள்ளிகளையே சுற்றிப் பார்த்தார். தேனிலவுக்கு இதனினும் வறண்ட நிகழ்ச்சிநிரல் அமைத்தவர் அரியர். பிரசியாவிற் கண்டதை அடுத்த ஆண்டு வெளிவந்த தம் ஏழாவது அறிக்கையில் விரித்துரைத்தார். ஆசிரியர் கையில் நூலின்றிக் கற்பித்தமையும், நாற்காலியில் அமராது பிள்ளைகளிடையே நின்று உரையாடியமையும், பிரம்படிபட்டு அழும் பிள்ளை ஒன்றையேனும் தாம் அங்கே காணாமையும் அவர் எடுத்துக் காட்டியவை. தம்மையே மறைமுகமாய்ச் சாடியதாகக் கொண்ட பொஸ்டன் நகரத்துத் தலைமையாசிரியர் முப்பத்தொருவர் கூடி மறுப்புநூல் ஒன்றை வெளியிட்டனர்.

இதன் பின் நிகழ்ந்ததே கருதற்பாலது. 1845இல் மானின் நண்பர் சாமுவேல் ஹௌ முதலியோர் அடங்கிய குழு, அந்நகரத்துப் பள்ளிகளின் மேல்வகுப்பு மாணவர்க்கு அச்சிட்ட ஒரே வினாத்தாளைக் கொடுத்து எழுத்துத் தேர்வு நடத்திற்று. அதுகாறும் வாய்மொழியாகவே சோதித்து வந்த நகரத்தில் இஃது ஒரு புதுமை. பெரும்பாலான வினாக்களுக்குச் சரியான விடை வந்திலது. ஆசிரியர் சிலர் பதவி இழந்தனர். அடியின்றிக் கற்பித்த ஆசிரியரைப் புகழத் தொடங்கிய ஒப்புநோக்கு, ஆசிரியரை எண்ணால் அளக்கும் கருவியாய் இரண்டே ஆண்டில் உருமாறியது. 2000ஆம் ஆண்டு முதல் பல நாட்டு மாணவரை ஒரே தேர்வாற் சோதித்துத் தரவரிசை வெளியிடும் பீசா ஆய்வின் பாட்டனாரைத் தேடுவோர் பொஸ்டன் நகரத்து அவ்வினாத்தாளையும் மறத்தலாகாது.

பிரசியாவைப் புகழ்ந்தோர் யாவரும் அதன் மறுபுறத்தை நன்கு கண்டனர் என்பதற்கில்லை. 1763இலேயே இரண்டாம் பிரடெரிக் மன்னன் கட்டாயக் கல்விக்கு ஆணையிட்ட நாடு அது. 1809இல் கல்விப் பகுதியின் தலைமை ஏற்ற ஹம்போல்ட் குறுகிய காலத்துள் அதற்கு உயிரூட்டினார். ஆசிரியர் பயிற்சி நிலையங்களிலிருந்து வெளிவந்தோர் தம் தொழிலில் மதிப்புடையோராய் விளங்கினர். ஆயின் 1848ஆம் ஆண்டுப் புரட்சி அடங்கியதும், நாட்டின் குழப்பத்துக்கெல்லாம் ஆசிரியரின் அரைகுறை அறிவே காரணமென மன்னன் பழிசுமத்தினான். 1854இல் வெளிவந்த விதிகள் பயிற்சி நிலையங்களின் பாடத்திட்டத்தைச் சுருக்கின. அந்நாட்டுப் பேரிலக்கியங்களைப் பயிற்சி மாணவர் தனிமையிற் படித்தலையும் விலக்கின. நன்றாகக் கற்பிக்கும் ஆசிரியன் நன்றாகச் சிந்திக்கவும் தொடங்குவான் என்பதை அவ்வரசு சரியாகவே உணர்ந்திருந்தது போலும்.

ஆர்னோல்ட் திரும்பி வந்து அறிக்கை எழுதிக்கொண்டிருக்கையில் இலண்டனிலே காற்று வேறு திசையில் வீசிற்று. 1861இல் வெளிவந்த நியூகாசில் ஆணைக்குழுவின் அறிக்கை, இளம்பிள்ளைகள் பலர் எழுத்தும் எண்ணும் செவ்வையாகக் கல்லாமலே பள்ளியை விட்டு நீங்குகின்றனர் என்றது. கல்விக் குழுவின் உபதலைவராயிருந்த றொபேட் லோ இதனைப் பற்றிக்கொண்டார். வணிகத்திற்கு ஏற்ற நியதி கல்விக்கும் ஏற்கும் என்பது அவர் கொள்கை. தம் முறை மலிவாக அமையாவிடின் பயனுடையதாக அமையும், பயனுடையதாக அமையாவிடின் மலிவாக அமையும் என அவர் பாராளுமன்றத்துக்கு உறுதி கூறினார்.

1862இல் நடைமுறைக்கு வந்த திருத்திய கல்விக் கோவையின் கணக்கு எளிது. பிள்ளை ஒன்றின் சராசரி வரவுக்கு 4 சிலிங். ஆறு வயதுக்கு மேற்பட்டு, குறித்த நாள் வரவும் உடைய பிள்ளை பரிசோதகர் முன்னிலையில் வாசிப்பு, எழுத்து, எண் மூன்றிலும் தேறினால் 8 சிலிங். ஒரு பாடத்தில் தவறின் 2 சிலிங் 8 பென்சு வெட்டப்படும். மாணவ ஆசிரியருக்கு அரசாங்கம் நேரே அளித்துவந்த பணமும், பயிற்சி பெற்ற ஆசிரியரின் ஊதியத்துக்கு அளித்துவந்த உதவியும் நின்றன. சரித்திரம், பூமிசாத்திரம், இலக்கணம் ஆகியவற்றுக்கு ஒரு பென்சேனும் இல்லை. கே-சட்டில்வேர்த் கடுமையாக எதிர்த்தார். ஆர்னோல்ட் தம் மேலதிகாரியின் திட்டத்தை எதிர்த்துச் சஞ்சிகை ஒன்றில் பெயரின்றி எழுதினார். எழுதியவர் யாரென்பது நெடுங்காலம் மறைந்திருக்கவில்லை. அரசிறையில் ஊதியம் பெறும் குடும்பஸ்தர் ஒருவர் அவ்வாறு செய்தது சிறுசெயலன்று.

செலவு குறைந்தது என்பதில் ஐயமில்லை. எட்டு இலட்சம் பவுணுக்கு மேற்பட்டிருந்த ஆண்டு நன்கொடை 1865இல் ஆறரை இலட்சத்துக்குக் கீழிறங்கிற்று. மாணவ ஆசிரியராக வருவோர் தொகையும் பெரிதும் வீழ்ந்தது. பயன் எய்தியதோ எனின், ஆர்னோல்டின் 1867ஆம் ஆண்டு அறிக்கை விடையிறுக்கும்: உண்மையில் வாசிக்கவோ எழுதவோ கணக்கிடவோ அறியாத பிள்ளைகளையும் சாமர்த்தியமாகத் தயாரித்துத் தேர்வில் தேற்றிவிடலாமெனப் பள்ளிகள் கண்டுகொண்டன. ஆண்டுக்கு ஒரு வாசிப்பு நூல். அதனை முழுதும் மனனஞ் செய்த பிள்ளைக்கு எழுத்தறிவு எதற்கு? பரிசோதகர், கற்பித்தலைக் காணும் நண்பர் என்ற நிலை மாறி, சிலிங்கை எண்ணிக் கொடுக்கும் கணக்கராயினார். பரிசோதகரின் அறிக்கைகளைத் திணைக்களம் வெட்டித் திருத்துகின்றது என்ற குற்றச்சாட்டு 1864இல் பாராளுமன்றத்தில் எழுந்து, சிறு வாக்கு வேறுபாட்டில் நிறைவேறவே, லோ பதவி துறந்தார். அவர் போயினும் கோவை போகவில்லை.

போகாமல் இருந்ததோடன்றிக் கடலுங் கடந்தது. 1869இல் இலங்கையில் பொதுப்போதனைத் திணைக்களம் நிறுவப்பட்டபின், 1870 முதல் உதவி நன்கொடைக்கும் மாணவரின் பெறுபேறே அளவுகோலாயிற்று. முன்னரே கட்டிடமும் ஆசிரியருங் கொண்டிருந்த மிஷன் பாடசாலைகள் அதனாற் பெரும்பயன் பெற்றன. பிந்தித் தோன்றிய சைவ, பௌத்த பாடசாலைகளுக்கோ இரட்டைத் தொல்லை: பெறுபேறு காட்டினாலன்றிப் பணமில்லை, பணமின்றி நல்லாசிரியரை நியமித்துப் பெறுபேறு காட்டலும் அரிது. குறித்த தூரத்துள் ஏற்கெனவே பாடசாலை இருப்பின் புதியதற்கு நன்கொடை இல்லை என்னும் விதிகள் மேலும் இடுக்கண் விளைத்தன. இங்கிலாந்து பிரசியாவை ஒப்புநோக்கிக் கல்லாது விட்ட பாடத்துக்கு, ஒப்புநோக்கும் வாய்ப்பே அளிக்கப்படாத ஒரு தீவின் கிராமத்து உபாத்தியாயர்களும் விலை கொடுத்தனர்.

1885ஆம் ஆண்டின் இறுதியில் ஆர்னோல்ட் மீண்டும் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டார். இலவசக் கல்வி, கற்பித்தலின் தரம், ஆசிரியரின் பயிற்சியும் நிலையும் ஓய்வூதியமும், கட்டாய வரவு ஆகியனவே இம்முறை அவரிடம் வினவப்பட்டவை. ஆசிரியர் பயிற்சி செம்மையுற்றிருந்த இடங்களிலே பிள்ளைகளின் கல்வி படிமுறையாகவும் அறிவுக்கு இயைந்ததாகவும் இருத்தலைக் கண்டு 1886இல் அறிக்கை அளித்தார். பிரசியாவிலும் 1854ஆம் ஆண்டு விதிகள் 1872இல் நீக்கப்பட்டுவிட்டமையால், இந்தமுறை அவர் கண்டது சற்றே விரிந்த பாடத்திட்டம். அறிக்கையை ஒப்புவித்த ஆண்டிலேயே பரிசோதகர் பதவியினின்றும் ஓய்வு பெற்றார். 1890இல் வெளிவந்த புதிய கோவை அம்மூன்று பாடங்களுக்குரிய தனித்தனித் தேர்வுப் பணத்தை ஒழித்தது. எஞ்சிய கூறுகளும் அப்பத்தாண்டு முடியுமுன் மறைந்தன. ஆர்னோல்ட் 1888ஆம் ஆண்டு சித்திரை மாதத்திலேயே காலமாகியிருந்தார்.