இன்சுலின் முழுமை பெற்ற வரலாறு



ஒரு நூலை மொழிபெயர்த்து முடித்த அன்றே அது படிப்போர் கைக்கு வந்துவிடுவதில்லை. வேண்டாதவற்றை வெட்டி, பிழை நீக்கி, அச்சிட்டுக் கட்டடம் செய்த பிறகே அது நூலாகிறது. நம் உயிரணுக்களிலும் இத்தகைய வேலை இடையறாது நடைபெறுகிறது. டி.என்.ஏ.யில் பொறித்துள்ள செய்தி முதலில் ஆர்.என்.ஏ. என்னும் நகலாகிறது. அந்நகலின் எழுத்துகள் மும்மூன்றாகப் படிக்கப்பட்டு, அமினோ அமிலங்கள் மணிகளைப் போல ஒரு தொடராகக் கோக்கப்படுகின்றன. அறிவியலார் இதற்கு இட்ட பெயரும் மொழிபெயர்ப்பு என்பதே. ஆயினும், கோத்து முடித்த தொடர் பணிக்கு ஆயத்தமான புரதம் ஆகிவிடுவதில்லை. அது முறையாக மடிய வேண்டும். சில புரதங்களில் சர்க்கரையோ பாஸ்பேட்டோ இணைக்கப்பட வேண்டும். வேறு சில வெட்டப்பட வேண்டும். இவ்வுண்மையை மனிதன் அறிந்துகொண்ட வரலாற்றில் இன்சுலினுக்குத் தனியிடம் உண்டு. அக்கதையையே இன்று சொல்ல விரும்புகிறேன்.

1922 ஆம் ஆண்டு சனவரித் திங்களில், கனடாவின் டொராண்டோ நகரில், நீரிழிவால் மெலிந்து சாகும் நிலையில் இருந்த 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு, விலங்கின் கணையத்திலிருந்து எடுத்த சாறு ஊசிவழிச் செலுத்தப்பட்டது. முதற்சாறு தூய்மையற்றதாகையால் போதிய பயன் தரவில்லை. சில நாட்களுக்குப் பின், காலிப் என்பார் தூய்மைப்படுத்திய சாறு அவனை மீட்டது. பான்டிங், பெஸ்ட், மக்லியாட், காலிப் ஆகியோரின் உழைப்பால் இன்சுலின் உலகுக்குக் கிடைத்தது. அதுவரையில், இந்நோய் கண்ட சிறுவர்களுக்கு மருத்துவர் அளிக்க முடிந்ததெல்லாம் பட்டினி போன்ற உணவுக் கட்டுப்பாடு ஒன்றே.

உயிர் காக்கும் அப்பொருள் எவ்வாறு அமைந்துள்ளது? கேம்பிரிட்ஜில் பிரெடரிக் சாங்கர் பத்தாண்டுக் காலம் பொறுமையுடன் ஆராய்ந்து, 1955 இல் இதற்கு முழு விடை கண்டார். இன்சுலினில் இரண்டு தொடர்கள் உள்ளன. 'ஏ' தொடரில் 21 அமினோ அமிலங்கள். 'பி' தொடரில் 30. கந்தக அணுக்களாலான இரண்டு பாலங்கள் இவ்விரண்டையும் பிணைக்கின்றன. மூன்றாவது பாலம் ஒன்று 'ஏ' தொடருக்குள்ளேயே அமைந்துள்ளது. இப்பணிக்காக 1958 இல் சாங்கருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

இங்கேதான் ஒரு புதிர் தோன்றிற்று. கந்தகம் உள்ள இடங்கள் மொத்தம் ஆறு. ஆறு இடங்களை இரண்டிரண்டாக இணைக்கப் பதினைந்து வழிகள் உண்டு. சரியான வழி ஒன்றே. இரண்டு தொடர்களையும் பிரித்துவிட்டு மீண்டும் சேர்க்க முயன்ற வேதியியலார், பெரும்பகுதி பொருந்தாமற் போவதையே கண்டனர். ஆய்வுக்கூடத்தில் இத்துணை அரிதான செயலை உயிரணு எவ்வாறு எளிதாக முடிக்கிறது? இரு தொடர்களும் தனித்தனியே உருவாகிப் பின்னர் இணைகின்றன என்றே அறிஞர் பலர் எண்ணியிருந்தனர்.

சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் டொனால்டு ஸ்டைனர் வேறு வழியில் சென்றார். முடிந்த பொருளை விடுத்து, பொருள் உருவாகும் முறையை அவர் நோக்கினார். அறுவை மருத்துவத்தில் அகற்றப்பட்ட, இன்சுலின் சுரக்கும் கட்டியொன்றின் மெல்லிய துண்டுகளை ஊட்ட நீரில் வைத்து, கதிரியக்க அடையாளமிட்ட அமினோ அமிலங்களை அவற்றிற்கு அளித்தார். அடையாளம் முதலில் தோன்றியது இன்சுலினில் அன்று. இன்சுலினைவிடப் பெரிய ஒரு புரதத்தில். நேரம் செல்லச் செல்லவே அது இன்சுலினில் தோன்றியது. அப்பெரிய புரதத்தை டிரிப்சின் என்னும் நொதியால் வெட்டியபோது, இன்சுலினை ஒத்த பொருள் வெளிப்பட்டது. 1967 இல் வெளியான இக்கண்டுபிடிப்புக்குப் பின், அப்புரதம் புரோஇன்சுலின் என்று பெயர் பெற்றது.

புதிர் அவிழ்ந்தது. இன்சுலின் தொடக்கத்தில் இரண்டு தொடர்கள் அன்று, ஒரே தொடர். முதலில் 'பி', இடையில் 'சி' என்னும் இணைப்புத் துண்டு, இறுதியில் 'ஏ' என்பது அதன் அமைப்பு. வளைவு கட்டும் கொத்தனார் முதலில் சாரம் அமைக்கிறார். கல் பொருந்தி நிலைத்தபின் சாரத்தைப் பிரித்துவிடுகிறார். அதுபோல, 'சி' துண்டு மற்ற இரண்டையும் ஒரே தொடராகப் பிணைத்து, சரியாக மடியச் செய்கிறது. கந்தகப் பாலங்கள் அமைந்த பிறகு, உயிரணுவுக்குள் உள்ள நுண்பைகளில் நொதிகள் கத்தரிபோல் அதனை நீக்குகின்றன.

அதற்கும் முந்திய வெட்டு ஒன்று உண்டு. புதிய புரதத்தின் தலைப்பில் அது செல்ல வேண்டிய இடத்தைக் காட்டும் ஒரு துண்டு இருக்கும் என்று நியூயார்க்கில் குந்தர் புளோபெல் 1971 இல் கருதினார். பின்னர் சான்றுகளும் காட்டினார். 1999 இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. இன்சுலினிலும் 24 அமினோ அமிலங்கள் கொண்ட அத்தகைய விலாசச் சீட்டு உண்டு. உரிய அறைக்குள் தொடர் நுழைந்ததும் அது கிழித்தெறியப்படுகிறது. ஆகவே, மனித உயிரணு 110 அமினோ அமிலங்களைக் கோத்து, 86 ஆகக் குறைத்து, முடிவில் 51ஐயே பயனுள்ள இன்சுலினாக வைத்துக்கொள்கிறது.

பாதிக்கு மேல் வீணாயிற்றே என்று எண்ண வேண்டா. ஓர் இன்சுலினுக்கு ஒன்றாக 'சி' துண்டும் இரத்தத்தில் கலக்கிறது. மருந்தாக ஊசியில் ஏற்றும் இன்சுலினில் அத்துண்டு இராது. எனவே, இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் ஒருவரின் கணையம் இன்னும் தானாகச் சுரக்கிறதா என்பதை, 'சி' துண்டை அளந்து மருத்துவர் அறிகின்றனர். மடிப்பில் நேரும் பிழை எத்துணைக் கொடிது என்பதும் தெரிய வந்துள்ளது. புரோஇன்சுலின் சரியாக மடியாதபடி மரபணுவில் நேரும் சில மாற்றங்கள், பிறந்த சில மாதங்களுக்குள்ளேயே குழந்தைக்கு நீரிழிவைத் தரும் என்பது 2007 இல் வெளியாயிற்று.

1978 இல் கலிபோர்னியாவில் நுண்ணுயிர்களைக்கொண்டு மனித இன்சுலின் ஆக்கியோர், இரு தொடர்களையும் தனித்தனியே உண்டாக்கிப் பின்னர் இணைத்தனர். அம்மருந்து 1982 இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதன்பின், முதலில் ஒரே தொடராக ஆக்கி, மடியச் செய்து, பிறகு நொதியால் வெட்டும் முறையும் தொழிற்சாலைகளில் வழக்குக்கு வந்தது. கணைய உயிரணு நெடுங்காலமாகச் செய்துவரும் முறையை, அதனிடமிருந்தே மனிதன் கற்றுக்கொண்டான். சாங்கரின் விடையைப் பெற்றபின்னும், 'இஃது உருவானது எவ்வாறு?' என்று மற்றொரு கேள்வியை எழுப்பியதனால் கிடைத்த கல்வி இது.