ஒலிபெருக்கியும் கொழும்பு இல்லமும்

கருவிக்கேற்ற இடம் வேண்டும் என்பது தமிழிசை மரபு நன்கறிந்த உண்மையாகும். நாகசுரமும் தவிலும் திருவீதிக்கும் திறந்த பிராகாரத்துக்கும் உரியன. வீணை சிறு கூடத்துக்கு உரியது. நாகசுரத்தை நாற்சுவருக்குள் அடைத்தாற் செவி தாங்காது. வீணையைத் தேர்முட்டியில் வைத்து வாசித்தால் அதன் நுண்மை எவர் செவியையும் எட்டாது. ஈரிடத்தும் கருவியிற் குற்றமில்லை, இடமே பொருந்தவில்லை.

மின்னாற் பாடும் ஒலிபெருக்கிக்கும் இவ்வுண்மை பொருந்தும். இல்லத்தில் நல்லிசை கேட்க விரும்புவார்க்கு மூன்று துணைகள் வேண்டும். ஒலிபெருக்கி ஒன்று; அதனை இயக்கும் விரியலாக்கி ஒன்று; இவையிரண்டும் வைக்கப்படும் அறை ஒன்று. முன்னைய இரண்டும் பெரும்பொருள் கொடுத்துக் கடையில் வாங்கப்படுவன. மூன்றாவது கடையிற் கிடைப்பதன்று. ஆதலின் எளிதில் மறக்கப்படுவது. கொழும்பு மாநகரிலே நூறாண்டாக வளர்ந்துவந்த ஒலிக்கேள்வியின் வரலாற்றை நோக்குவார்க்கு, மறக்கப்பட்ட அம்மூன்றாவதே ஏனைய இரண்டின் பயனையும் வரையறுத்து நிற்பது புலனாகும்.

இலங்கையின் ஒலிபரப்பு, தந்தித் திணைக்களப் பொறியியலாளரான எட்வேட் ஹாப்பர் என்பவரின் முயற்சியாற் பிறந்தது. முதலாம் உலகப் போரிற் கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவிகளைக் கொண்டு ஒலிபரப்பியொன்றை அமைத்து, 1923இல் மத்திய தந்தி நிலையத்திலிருந்து அவர் கிறமபோன் இசையைப் பரிசோதனையாக ஒலிபரப்பினார். 1925 டிசெம்பர் 16ஆந் தேதி 'கொழும்பு வானொலி' முறையாகத் தொடங்கிற்று. தேசாதிபதி சேர் ஹியூ கிளிபேட் அதனைத் தொடக்கி வைத்தார். இலண்டனில் பி.பி.சி. தோன்றி அப்போது மூன்றாண்டுகளே சென்றிருந்தன. காதில் மாட்டுங் கருவியும், எக்காளம் போன்ற குழலுடைய ஒலிபெருக்கியுமே அக்காலத்து வானொலிக்குத் துணையாய் இருந்தன. சொற்களை விளங்கிக்கொள்ள அவை போதியன. இசையின் தாழ்சுரங்களோ அவற்றில் மறைந்தொழிந்தன.

அதே 1925இல் அமெரிக்காவில், ஜெனரல் இலெக்றிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்ரர் றைஸ், எட்வேட் கெலொக் என்னும் இருவர், இன்றைய ஒலிபெருக்கிகளிற் பெரும்பாலனவற்றுக்கு மூலமான அமைப்பினை அறிஞர் முன் வைத்தனர். காந்தப் புலத்தினுள் அசையும் கம்பிச் சுருளொன்று கடதாசிக் கூம்பினைத் தள்ளியும் இழுத்தும் காற்றை அதிரச் செய்வதே அதன் தத்துவமாகும். அசையுஞ் சுருள் புதியதன்று. ஒலிவர் லொட்ச் 1898இலேயே அதற்கு உரிமைப் பத்திரம் பெற்றிருந்தார். பின்வந்த இருவரின் சிறப்பு வேறொன்றிலுளது. சிறந்த கூம்பு மட்டும் போதாது, அதனை இயக்கவல்ல விரியலாக்கியும் வேண்டுமெனக் கண்டு, இரண்டினையும் அவர்கள் ஒருங்கே வகுத்தனர். அவ்வமைப்பு 1926இல் விற்பனைக்கு வந்தது. பொருத்தம் என்னும் வினா ஒலிபெருக்கியுடன் உடன்பிறந்தது என்க.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், தென்கிழக்காசியப் படையினர் பொருட்டு 'றேடியோ சியாக்' என்னும் நிலையம் கொழும்பில் எழுந்தது. கொள்ளுப்பிட்டியிலிருந்து கிழக்கே செல்லும் டரட் வீதியில், இன்றைய தர்மபால மாவத்தையில், அதன் கலையகம் இருந்தது. ஏக்கலையில் நிறுவப்பட்ட 100 கிலோவாற்று ஒலிபரப்பி 1946இல் இயங்கத் தொடங்கிற்று. 1949இல் அவ்வசதிகள் இலங்கை அரசின் வசமாயின. இலங்கை வானொலி தனித் திணைக்களமாயிற்று. அடுத்துத் தோன்றிய வர்த்தக சேவையின் தமிழ் ஒலிபரப்பு, எஸ். பி. மயில்வாகனம் முதலிய அறிவிப்பாளரின் குரலாற் பாக்கு நீரிணைக்கு அப்பாலும் புகழ்பெற்றது.

அக்காலத்து வீட்டு வானொலியில் ஒலிபெருக்கியும் விரியலாக்கியும் ஒரே மரப்பெட்டியுள் அடங்கின. அவற்றைப் பொருத்துவது உற்பத்தியாளர் கவலை. பெட்டியை எங்கே வைப்பது என்பது மட்டுமே வீட்டார் கவலை. நெட்டிசைத்தட்டு 1948இல் வெளிவந்து, மேனாட்டிலே விரியலாக்கியும் ஒலிபெருக்கியும் தனித்தனிப் பொருள்களாகப் பிரிந்தபோது, பொருத்தும் பொறுப்பு வாங்குவோர் தலையில் விழுந்தது.

1947இல் வில்லியம்சன் என்னும் பிரித்தானியப் பொறியியலாளர் 'வயர்லெஸ் வேர்ல்ட்' சஞ்சிகையில் 15 வாற்று வால்வு விரியலாக்கி ஒன்றன் அமைப்பை வெளியிட்டார். ஒலியின் திரிபு நூற்றுக்குப் பத்திலொன்றுக்கும் குறைவாய் அமைந்தமையின், பின்வந்தார்க்கு அஃது அளவுகோலாயிற்று. வாஃப்டேல் ஒலிபெருக்கிகளை அமைத்த கில்பேட் பிறிக்ஸ், 1954இல் இலண்டன் றோயல் பெஸ்டிவல் மண்டபத்திலே நேர்முக இசையையும் பதிவிசையையும் அடுத்தடுத்து ஒலிப்பித்து, அவையோர் ஒப்பிட்டறியச் செய்தார். அவ்வாண்டே அமெரிக்காவில் எட்கார் வில்சர், பெட்டியுள் அடைபட்ட காற்றையே கூம்புக்கு வில்லாக்கிச் சிறு பெட்டியிலும் ஆழ்ந்த தாழ்சுரம் பிறப்பித்தார். 1957இல் பீற்றர் வோக்கரின் குவாட் நிறுவனம், கூம்பும் சுருளுமின்றி, மின்னேற்றிய மெல்லிய படலத்தால் ஒலிக்கும் ஒலிபெருக்கியை வெளியிட்டது.

இவற்றுள் எதனை எதனோடு இணைப்பது? ஒலிபெருக்கிக்கு ஒரு வாற்று வலுக்கொடுத்து ஒரு மீற்றர் தூரத்தில் அளக்கும்போது பெறப்படும் ஒலியளவே அதன் உணர்திறன் எனப்படும். எக்காள வகையொன்று 97 தெசிபெல் தர, சிறு பெட்டியொன்று 87 தெசிபெல் தருமாயின், வேறுபாடு பத்து மடங்கு வலுவாகும். முன்னதற்கு 15 வாற்று செய்யும் பணிக்குப் பின்னதற்கு 150 வாற்று வேண்டும். வில்சரின் சிறு பெட்டி இடத்தைச் சேமித்தது. அச்சேமிப்பின் விலையை விரியலாக்கி செலுத்திற்று. அடுத்தது மின்தடங்கல். எட்டு ஓம் எனக் குறிக்கப்பட்ட ஒலிபெருக்கி சில சுரங்களில் நான்கு ஓமாய்த் தாழின் விரியலாக்கி இரட்டை மின்னோட்டம் வழங்கவேண்டும். வோக்கரின் படல ஒலிபெருக்கியோ உச்சசுரங்களில் மேலுந் தாழ்வது. தன் நிறுவனத்து விரியலாக்கியோடு இனிதாய்ப் பாடிய அது, வேறு சிலவற்றோடு இணைக்கப்பட்டபோது அவற்றை நிலைகுலையச் செய்தது. விலையுயர்ந்த இரண்டு பொருள்கள் ஒன்றாயமைந்த மாத்திரத்தே நல்லிணையாகா என்பது இதனாற் பெறப்படும்.

இனி மூன்றாந் துணையை நோக்குக. 1895இல் ஹாவார்ட் பல்கலைக்கழகத்து விரிவுரை மண்டபமொன்றில் ஆசிரியர் பேசிய சொற்கள் மாணவர்க்கு விளங்கவில்லை. குறை நீக்கும் பணி வலஸ் சபைன் என்னும் இளம் பௌதிக ஆசிரியரிடம் ஒப்புவிக்கப்பட்டது. வேறொரு மண்டபத்தின் மெத்தைகளை இரவில் எடுத்துவந்து, ஒவ்வொன்றாய்ப் பரப்பி, ஒலி நின்றபின் அதன் முழக்கம் அடங்கும் நேரத்தை அவர் அளந்தார். சொல் உரக்கக் கேளாமை அன்று குறை. முன்சொல்லின் முழக்கம் அடங்குமுன் பின்சொல் வந்து சேர்ந்தமையே குறை. அறையின் கனவளவை 0.161 ஆற் பெருக்கி, அறை உறிஞ்சும் அளவால் வகுக்க முழக்கநேரம் பெறப்படும் என்பது அவர் கண்ட விதி. உறிஞ்சலுக்கு அவர் கொண்ட அலகு திறந்த யன்னலாகும். வெளியே சென்ற ஒலி மீள்வதில்லை அன்றோ!

இவ்விதியைக் கொழும்பு வீடொன்றுக்குப் பொருத்திப் பார்க்கலாம். 5 மீற்றர் நீளமும், 4 மீற்றர் அகலமும், 3 மீற்றர் உயரமுங் கொண்ட அறையின் கனவளவு 60 கனமீற்றர். சீமெந்துச் சுவரும் வெறுந்தரையும் தம்மேற் படும் ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்கினையே உறிஞ்சுமெனக் கொள்ளின், முழக்கநேரம் ஏறத்தாழ 3.4 செக்கன். 4 சதுரமீற்றர் அளவு யன்னலைத் திறந்துவிட்டால் அது 1.4 செக்கனாய்க் குறையும். மெத்தை நாற்காலி, தடித்த திரை, பாய், புத்தக அலுமாரி ஆகியன மேலும் 12 அலகு உறிஞ்சின் அரைச் செக்கனளவாகும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருந்த பழைய ஓட்டு வீடுகளின் விறாந்தையும் திறந்த யன்னலும் வெப்பத்துக்காக அமைந்தன. அறியாமலே அவை இசைக்கும் துணைபுரிந்தன. இன்று கொள்ளுப்பிட்டியின் அடுக்குமாடிகளில், குளிரூட்டியின் பொருட்டு யன்னல் மூடப்பட்டு, சுவர் கண்ணாடியாகவும் தரை பளிங்கோடாகவும் அமையும்போது, எத்துணை உயர்ந்த ஒலிபெருக்கியும் குளத்தினுள் நின்று பாடுவது போலாகின்றது. புதிய விரியலாக்கி அக்குறையைத் தீர்க்காது. ஒலியை உயர்த்த முழக்கமும் உடனுயரும்.

தாழ்சுரத்துக்கு வேறொரு விதியுண்டு. மேற்கூறிய அறையின் நீளம் செக்கனுக்கு ஏறத்தாழ 35 அதிர்வுள்ள சுரத்தையும், அகலம் 44 அதிர்வுள்ளதையும், உயரம் 58 அதிர்வுள்ளதையும் மிகுவிக்கும். மூன்று அளவும் ஒன்றாயின் ஒரே சுரம் மும்மடங்காய்க் குமுறும். ஒலிபெருக்கியை மூலையில் ஒட்டி வைப்பின் அக்குமுறல் பெருகும். சுவரிலிருந்து சற்று விலக்கி வைத்துக் கேட்டுப் பார்த்தலே செலவில்லா மருந்து. கடற்காற்றும் கருதத்தக்கது. ஈரப்பதன் கூம்பின் விளிம்பிலுள்ள நுரைப்பஞ்சை அரிக்கும். உப்பு இணைப்புக்களைக் கறைப்படுத்தும். மேனாட்டுப் புகழ் மட்டுங் கேட்டு வாங்குவோர் இவற்றையும் எண்ணுதல் வேண்டும்.

திறந்த யன்னல் முழக்கத்தைக் குறைக்கும் என்றோம்; ஆயின் அவ்வழியே சென்ற ஒலி அயலார் வீட்டிற் புகுகின்றது. 2007 நவம்பரில் இலங்கை உயர் நீதிமன்றம், வழிபாட்டிட ஒலிபெருக்கி பற்றிய வழக்கொன்றில், இரவு 10 மணி தொடக்கம் காலை 6 மணிவரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்குதலைக் கட்டுப்படுத்திற்று. அவ்வழக்கு வீட்டிசை பற்றியதன்று. எனினும், கேட்க விரும்பாதாரைக் கேட்போராக்குதல் முறையன்று என்னும் அதன் உட்கருத்து இல்லத்துக்கும் ஏற்புடையது. ஒருவர்க்கு இன்பமாகும் இசை, சுவருக்கு அப்பால் நோயாளிக்கும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கும் இடராதல் எளிது.

சபைன் ஆராய்ந்த குறை கல்விக்கூடமொன்றிற் பிறந்தது என்பது ஆசிரியர் மறத்தற்கரியது. பரிசளிப்பு விழாவிலும் நாமகள் விழாவிலும் பின்வரிசை மாணவர்க்குச் சொல் விளங்காதபோது, மேலுமொரு விரியலாக்கி வாங்குதலே வழக்கமாயுள்ளது. வெறுஞ் சுவரில் தொங்கவிடப்படும் தடித்த திரை அதனினும் பயன் தரலாம், செலவும் குறைவு. இல்லமாயினும் கல்லூரியாயினும், முதலில் அறையை அளக்க. அடுத்து அறைக்கேற்ற ஒலிபெருக்கியைத் தெரிக. இறுதியில் அதனை இயக்கவல்ல விரியலாக்கியைச் சேர்க்க. இம்முறை தலைகீழாகும்போது பொருள் செலவாகும். இசையோ சுவரிலே தங்கிவிடும்.