டிஸ்ட்ரிபியூட்டட்: ஒரு சொல், பல துறைகள்

இச்சொல்லின் வேர் லத்தீன். 'டிஸ்' என்றால் தனித்தனியாக. 'டிரிபுவெரே' என்றால் ஒதுக்கித் தருதல். ரோமானியர் தம் குடிப்பிரிவுகளை அழைத்த 'டிரிபுஸ்' இதன் உறவுச்சொல்.

தமிழில் துறைக்கொரு பெயர்: திரைப்படத்துக்கு விநியோகம், புள்ளியியலுக்குப் பரவல், இயற்கணிதத்துக்குப் பங்கீட்டுப் பண்பு. 3 × (4 + 5) என்பதில் 3 அடைப்புக்குள் உள்ள இரண்டு எண்களையும் பெருக்குகிறதே, அதுதான்.

கணினியியலில்தான் சொல்லுக்குக் கனம் கூடுகிறது. அங்கே பல கணினிகள் செய்தி பரிமாறிக்கொண்டு ஒரே அமைப்பாக இயங்குகின்றன. அவற்றுக்குப் பொதுக் கடிகாரம் கிடையாது. ஒன்று நின்றுபோனாலும் மற்றவை தொடர வேண்டும். எந்த நிகழ்வு முந்தியது என்று தீர்மானிப்பதே பெரும்பாடு. அதற்கு வழிகாட்டிய, கணினியியலாளர் லெஸ்லி லாம்போர்ட்டின் 1978 கட்டுரை இன்றும் படிக்கத்தக்கது.

பொறியாளர் பால் பாரன் 1964இல் மூன்று வலையமைப்புகளை வரைந்துகாட்டினார்: ஒரே மையம் உள்ளது, பல மையங்கள் உள்ளது, மையமே இல்லாதது. மூன்றாவதற்கே அவர் 'டிஸ்ட்ரிபியூட்டட்' என்று பெயர் வைத்தார். அதிகாரப் பரவலாக்கம் என்று நாம் சொல்வது இரண்டாவதற்கு நெருக்கமானது. ஆகவே கணினியியலில் 'பரவல்' குழப்பும். 'பகிர்ந்தியங்கும்' என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.